அப்பா கேட்ட நாட்டுப் பாட்டு

“யாருடி செத்தது?” என்று கேட்டார் அப்பா.

யாரும் சாகவில்லை. நான் போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்து ஒரு பாட்டுப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். முதலில் ஒரு கிட்டார், ஒவ்வொரு கம்பியாக, அவசரமே இல்லாமல். பிறகு ஓர் ஆண்குரல். பாடுகிறானா பேசுகிறானா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். அதற்குப் பின்னால் ஏதோ ஒரு கம்பி வாத்தியம் இழுத்து இழுத்து அழுதது. அப்புறம் வயலின்கள் வந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டமே சேர்ந்து எழும்பி, எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் இடம் போதாமல் நின்றன.

“ஒருத்தரும் சாகலப்பா. பாட்டு.”

“பாட்டா? எழவு வீட்டுல கூட தப்ப கொஞ்சம் வேகமா அடிப்பாங்களே.”

அப்பா இப்படித்தான். றக்வானைப் பக்கத்து மலையில் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மலையில் நின்று குரல் கொடுத்தால் அந்த மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வேலை போனது, குரல் போகவில்லை. அதைக் கேட்க இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு என் வாய்தான் காரணம் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, வந்த மாப்பிள்ளைகளின் இலட்சணம்.

அப்பாவுக்குக் கண்ணில் பூ விழுந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பியபோது சொன்னார்கள்: குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது, கொஞ்ச நாளைக்கு டீவி பார்க்கவே கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் தலையில் இடி. சாயங்காலமானால் வரிசையாக நாடகம் பார்த்து, அதில் வருகிற மாமியார்களை எல்லாம் பேர் சொல்லித் திட்டுகிற மனிதர் அவர். டீவியை மூடியதும் திட்டுவதற்கு ஆள் தேடினார். நான் அகப்பட்டேன். தேத்தண்ணியில் சாயம் கூட, சம்பலில் உப்புக் குறைவு, கதவை ஏன் அப்படிச் சாத்துகிறாய். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். எனக்கும் அவர் இரத்தம்தானே ஓடுகிறது! “ஒங்களுக்கு ஆபரேஷன் பண்ணது கண்ணுலயா வாயிலயா?” என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

அந்தப் பாட்டுகள் என் கைக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். நான் றக்வானை டவுனில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், போனுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுப்பது. ஒரு மத்தியானம் கடை வாசலில் அண்ணன் வந்து நின்றார். மழைக்காட்டைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறவர் அவர். அந்தத் தடவை வந்த ஒரு வயதான புருஷனும் பெண்சாதியும் வளைவு வளைவாக மலை ஏறும்போதெல்லாம் இதே பாட்டுகளைத்தான் போட்டார்களாம். அண்ணனுக்குப் பிடித்துப்போனதைப் பார்த்து, எல்லாவற்றையும் அவர் போனுக்கே அனுப்பிவிட்டுப் போயிருந்தார்கள்.

“அப்பாவுக்கு டீவி பாக்க ஏலாதாமே. இதப் போட்டுக் குடு தங்கச்சி” என்றார்.

“அப்பாவுக்கு இங்கிலீஸ் பாட்டா? வேற வேல இல்லையா அண்ணே?”

“பாஷ வெளங்கத் தேவல்ல. அந்தாளு பாடுறதக் கேட்டியா? அப்பா வாசல் இஸ்தோப்புல குந்திக்கிட்டு தனியா பேசிக்குவாரே, அதே மாதிரி இருக்கு.”

சொல்லிவிட்டுக் கடைக்குள் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகுதான் வந்த விஷயம் வெளியே வந்தது. வேன் முதலாளி வேனை விற்றுவிட்டார். அண்ணன் ருமேனியாவுக்கு லொறி ஓட்டப் போகிறார். விசா வந்துவிட்டது, வருகிற பௌர்ணமிப் போயா கழிந்ததும் பயணம்.

“போறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகணும்” என்றார். “சொன்னா, போயிட்டு வான்னு சொல்லுவாரா?”

அந்தக் கேள்வியின் பாரம் எனக்குத் தெரியும்.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். எங்கள் பேச்சில் தோட்டம் என்றால் தோட்டம். தோட்டத்து எல்லையைத் தாண்டினால் இருக்கிற சிங்களக் கிராமம்தான் நாடு. அங்கே இருப்பவர்கள் நாட்டாட்கள். “நாட்டுக்குப் போய் ஒரு பலாக்காய் வாங்கிட்டு வா” என்றால் கப்பல் ஏறச் சொல்லவில்லை, ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போகச் சொல்கிறார்கள். பிறந்து, வளர்ந்து, கொழுந்து எடுத்து, செத்துப் புதைகிற இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டை நாடு என்று சொல்ல எங்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று யோசித்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் யோசித்துக்கொண்டா பேசுகிறோம்? வாயில் வருகிறது, பேசுகிறோம்.

அண்ணன் அந்த நாட்டில்தான் பெண் எடுத்தார். அண்ணன் போகிற பஸ்ஸிலேயே தையல் ஃபெக்டரிக்குப் போய்வந்த சிங்களப் பெண். நல்லவள். அதுவா முக்கியம்? அண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு கெட்ட வருஷத்தில், நாட்டிலிருந்து ஆட்கள் தீப்பந்தத்தோடு மேலே ஏறி வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். குழந்தை அழாமலிருக்க அப்பா தன் விரலை அதன் வாயில் கொடுத்திருந்தாராம். விடிந்து பார்த்தால் காம்பரா சாம்பல். பிற்பாடு இதே நாட்டாட்கள்தான் அரிசியும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று அம்மா சொல்வாள். அப்பா முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்.

அண்ணன் பெட்டியோடு கிளம்பியபோது இஸ்தோப்புப் படிக்குக் கீழே நின்று, “அப்பா, போயிட்டு வாறேன்” என்றார். எந்த வீட்டிலும் அதற்கு ஒரு பதில்தான் உண்டு. சண்டை போட்டுக்கொண்டு போகிறவனுக்குக்கூட “போயிட்டு வா” என்றுதான் சொல்லுவார்கள். வெறும் “போ” என்று சொல்ல மாட்டார்கள். பிணத்துக்குத்தான் அது.

அப்பா “போ” என்றார்.

அதோடு சரி. அண்ணன் ஓடைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். தண்ணீர் பிடிக்கிற எங்கள் பீலிக்கரையில் நின்று பார்த்தால் அவர் வீட்டுக் கூரைத்தகரம் தெரியும். அம்மா செத்தபோது வந்தார், கடைசி வரிசையில் நின்று மண் போட்டுவிட்டுப் போனார். அப்பா பார்க்காத மாதிரி இருந்தார். அண்ணன் பெயரை இந்தக் காம்பராவில் யாரும் எடுப்பதில்லை. ரேடியோவில் சிங்களப் பாட்டு வந்தால் ஸ்டேஷனை மாற்றிவிடுவார். சிங்களம் தெரியாததால் இல்லை. அப்பா சிங்களம் பேசினால் நாட்டாட்களே ஊர் எது என்று கேட்பார்கள், அவ்வளவு சுத்தம்.

சரி, அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். முதல் பாட்டு முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. அப்பா திட்டிக்கொண்டே கேட்டார், கேட்டுக்கொண்டே திட்டினார்.

“ஒப்பாரின்னா பொம்பளதான் வைப்பா. இவன் என்னா ஆம்பள ஒக்காந்து அழுறான்? பொண்டாட்டி ஓடிட்டாளா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“என்னா பாட்டுடி இது? இதுக்கு ஒரு பேரு இருக்கும்ல?”

போனை எடுத்துப் பார்த்தேன். பாட்டின் பெயருக்குக் கீழே, அது எந்த வகை என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஓல்டர்னேட்டிவ் கன்ட்ரி. ஓ லெவலில் இங்கிலீஸ் பாஸ் பண்ணியவள் நான். ஓல்டர்னேட்டிவ் எனக்கு விளங்கவில்லை. கன்ட்ரி தெரியாதா என்ன?

“நாட்டுப் பாட்டுப்பா” என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, நான் என்ன சொன்னேன் என்று. அப்பாவின் கை முழங்காலில் அப்படியே நின்றது. கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது.

“எந்த நாட்டுப் பாட்டு? யாரு குடுத்தது?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது மட்டும் வரவே வராது, முகத்தில் எழுதி ஒட்டிவிடும். “அண்ணன் குடுத்துச்சு” என்றேன்.

“நிப்பாட்டு.”

நிறுத்தினேன். மழை இல்லாத சாயங்காலம் அது, பக்கத்துக் காம்பராவில் ரொட்டி தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் சட்டியை எடுத்து வைத்த வேகத்துக்கு அடுப்பே இடிந்திருக்க வேண்டும். இங்கிலீஸ்காரன் பாட்டு, எந்தச் சிங்களவனும் அதில் இல்லை என்று எடுத்துச் சொல்லலாம். அவருக்கு அது தெரியாதா? துரைமாருக்குக் கீழே காலம் தள்ளினவர். இங்கிலீஸுக்கும் சிங்களத்துக்கும் வித்தியாசம் தெரியாத செவிடா அவர்? பாட்டு அவருக்குப் பிரச்சினை இல்லை. அந்த ஒரு சொல்தான்.

மறுநாள் வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, படி இறங்கி வந்தால், அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்த நாட்டுப் பாட்டு… போனுலதான் இருக்கா? அழிச்சிட்டியா?” என்றார்.

“இருக்கு.”

“சும்மாதானே இருக்கேன். போடு.”

ஆகட்டும் என்று போட்டேன். அதற்குப் பிறகு அது வழக்கமாகிப்போனது. நான் வந்து தேத்தண்ணி வைத்துக் கொடுத்ததும் பாட்டு. முதலிலிருந்து, வரிசை மாறாமல். நடுவில் பேசக் கூடாது. டீவி நாடகத்துக்கு வாய் ஓயாத மனிதர், இதற்கு வாயைத் திறப்பதில்லை. நானும் வேறு வழியில்லாமல் கேட்டேன். பிறகு வழி இருந்தும் கேட்டேன். வீடு, மழை, ரோடு என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எனக்குச் சொற்கள் அகப்பட்டன. ஆனால் அந்த மனிதன் யாரிடமோ ஏதோ சொல்ல வருகிறான், சொல்லும் நேரத்தில் நிறுத்திக்கொள்கிறான், அவன் நிறுத்திய இடத்தில் வயலின்கள் வருகின்றன என்பது விளங்கியது. எல்லாப் பாட்டும் அப்படித்தான் இருந்தது. கொடகவெல பஸ்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனபோது காதில் மாட்டிக் கேட்டேன். ரப்பர் மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. எனக்கு யாரும் எதையும் சொல்லாமல் விடவில்லை, நானும் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை, மனதில் பட்டதை அந்த இடத்திலேயே கொட்டிவிடுகிறவள். இருந்தும் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி இஞ்சி டொபி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

ஒரு நாள் பாட்டு முடிந்ததும் அப்பா கேட்டார்: “நாட்டுப் பாட்டுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? கொரல் கம்மிக் கெடக்கு.”

பாடுகிறவனைச் சொல்கிறார் என்று நினைத்து, “அவனுக்குக் கொரலே அப்படித்தான்” என்றேன்.

அடுத்த நாள், “நாட்டுப் பாட்டுக்கு வருமானத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லையே? அத்தன வயலின் வச்சிருக்கான்” என்றார்.

அதுவும் எனக்கு உறைக்கவில்லை. மண்டூகம் நான். அதற்கும் அடுத்த நாள்தான், வெற்றிலையை மடித்துக்கொண்டே, ஓடைப் பக்கம் பார்த்தபடி, “இந்த நாட்டுப் பாட்டுல சின்னப் புள்ளைங்க சத்தம் ஒண்ணும் கேக்கலையே. புள்ள குட்டி இல்ல போல” என்றார்.

அடப்பாவி மனுஷா!

“ரெண்டு இருக்காங்கப்பா” என்றேன். “மூத்தது பையன், ஸ்கூல் போறான். சின்னது பொண்ணு. அம்மா சாடை.”

அப்பா வெற்றிலையை வாயில் போட்டு மென்றார். “நான் பாட்டத்தான் கேட்டேன்” என்றார்.

“நானும் பாட்டத்தான் சொன்னேன்.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாட்டுப் பாட்டு பேச்சுக்குக் குறைவில்லை. நாட்டுப் பாட்டு வீட்டுக்குக் கரண்ட் இருக்கிறதா, நாட்டுப் பாட்டு குடிக்கிறதா, நாட்டுப் பாட்டின் மாமியார் எப்படி. எல்லாம் கேட்டார். “அண்ணன்” என்று நான் ஒரு தடவை வாய் தவறினால் போதும், எழுந்து உள்ளே போய்விடுவார். பாட்டு என்று சொன்னால் உட்கார்ந்திருப்பார். ஆனால் பாட்டு ருமேனியாவுக்குப் போகிறது என்பதை மட்டும் எனக்குச் சொல்ல வரவில்லை. போயாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் ஓடையைத் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். “வாங்க நங்கி” என்றாள். தங்கச்சி என்பதற்கு அவர்கள் சொல்வது. சின்னவள் அண்ணனின் கழுத்தில் தொங்கிக்கொண்டு, “தாத்தா, தாத்தா” என்று எதையோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். சிங்களத்தில் அப்பாவைத் தாத்தா என்பார்கள். எங்களுக்குத் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. அந்தக் குழந்தைகளுக்குத் தாத்தா வீட்டிலேயே இருந்தார். எங்கள் பேச்சில் தாத்தா ஆனவர் ஓடைக்கு இந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

“வந்து நில்லுங்கண்ணே” என்றேன். “அவரு ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்காரு.”

“என் பேரச் சொல்லிக் கேட்டாரா?”

“பேரச் சொல்லல.”

“அப்ப கேட்டாருன்னு எப்படிச் சொல்ற?”

“பாட்டக் கேக்குற மாதிரி கேக்குறாரு.”

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே நான் பைத்தியமோ என்று பட்டது. “அன்னைக்குச் சொன்ன அந்த ஒரு சொல்லு இன்னமும் காதுல இருக்கு தங்கச்சி” என்றார். “மறுபடியும் அதையே சொல்லிட்டார்னா, நான் அதத் தூக்கிக்கிட்டு ப்ளேன் ஏற ஏலாது. சொல்லாமலே போயிட்டா, சொல்லியிருப்பாரோன்னாவது நெனச்சுக்கலாம்.”

அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கோபத்தில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழும்பினேன். அண்ணி ஓடிவந்து கித்துள் பதநீரில் காய்ச்சின பாணி ஒரு போத்தலைக் கையில் திணித்தாள். “தாத்தாட்ட” என்று சிங்களத்தில் தொடங்கி, நிறுத்தி, தமிழில் “மாமாவுக்கு” என்று திருத்திக்கொண்டாள்.

அன்றைக்குத் திரும்பும்போதே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. சப்ரகமுவ மழை, பெய்தால் பேய்மழைதான். நான் நனைந்து வந்து தலையைத் துவட்டும்போதே அப்பா போனைக் கேட்டார். தகரத்தில் விழும் மழையில் முதல் பாட்டுகள் சரியாகக் கேட்கவில்லை. போனைத் தன் காதோடு வைத்துக்கொண்டார். கடைசிப் பாட்டுக்கு வரும்போது மழை குறைந்திருந்தது.

அந்தக் கடைசிப் பாட்டில் அவன் கொஞ்சம்தான் பாடுவான். நடுவில் நிறுத்திவிடுவான். பிறகு வாத்தியங்கள் மட்டும், வெகுநேரம், மெல்ல மெல்ல ஏறி, மெல்ல மெல்ல இறங்கி முடியும். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் அப்பா கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருவார். அன்றும் சாய்ந்தார்.

“இவன் திரும்ப வருவானா?” என்றார்.

“யாரு?”

“பாடுறவன். தெனமும் பாக்குறேன். பாதிச் சொல்லுல நிப்பாட்டிட்டுப் போறான். மத்தவனுங்க அவனுக்காகக் காத்துக்கிட்டு வாசிக்கிறானுங்க. வரவே மாட்டேங்குறானே.”

“வரமாட்டான்ப்பா. அதோட முடிஞ்சிருச்சு.”

இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று எனக்குப் பட்டது. “அப்பா, அண்ணன் போகுது” என்றேன். அவர் எழும்பப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். “எழும்பாதீங்க. பாட்டு கீட்டு ஒண்ணும் இல்ல, அண்ணன்தான். போயாவுக்கு மறுநாள் வெளிநாட்டுக்குப் போகுது. லொறி ஓட்ட.”

“எந்த நாட்டுக்கு?”

“ருமேனியா.”

“எங்க இருக்கு?”

“எனக்குத் தெரியாதுப்பா. ரொம்பத் தூரம். பனி பெய்யுமாம்.”

வாத்தியங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கமாகத் திரும்பினார். கண்ணாடிக்குள் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? மழைக்குப் பிறகு மூடுகிற பனிப்புகார்தான்.

“இந்தா கெடக்குற நாட்டுக்கே நான் எறங்கிப் போகல” என்றார். “இனி அந்த நாட்டுக்கு எங்க போறது?”

நான் பாணிப் போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. ரொட்டிக்குத் தொட்டுச் சாப்பிட்டார்.

“வரச் சொல்லவா?” என்று கேட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். “போடி, ஒன் சோலியப் பாரு” என்றார். சரி, வீம்பு செத்தால்தான் போகும் என்று விட்டுவிட்டேன். அண்ணனுக்கும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. என்ன சொல்வது?

போயா வந்தது, நாட்டுப் பக்கம் பன்சலை விகாரையில் மணி அடித்தது, வெள்ளை உடுப்போடு ஆட்கள் போனார்கள். மறுநாள் காலையில் நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். அப்பா சவரம் செய்துகொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து, பாட்டைப் போடச் சொன்னார். காலையில் அவர் பாட்டுக் கேட்டதே கிடையாது.

கடைசிப் பாட்டு தொடங்கியபோது மேலே லொறி ரோட்டில் ஒரு வேன் வந்து நின்றது. அண்ணியையும் பிள்ளைகளையும் மேலே நிறுத்திவிட்டு, படி இறங்கி அண்ணன் மட்டும் வந்தார். சொல்லாமல் போக மனம் வரவில்லை போல. காலில் புதுச் சப்பாத்து, மடிப்புக் கலையாத சட்டை. லயத்தில் ஒவ்வொரு கதவிலும் ஒரு தலை. இஸ்தோப்புப் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். அன்றைக்குப் பெட்டியோடு இறங்கி நின்ற அதே இடம்.

“அப்பா” என்றார். குரல் கம்மிக் கிடந்தது. “போயிட்டு வாறேன்.”

அப்பா அசையவில்லை. போனில் அந்த ஆள் பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டிருந்தான். வயலின்கள் தொடங்கிவிட்டன. சொல்லித் தொலைங்களேன்ப்பா என்று கத்த வாய் வந்தது, நல்லவேளை சத்தம் வரவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்.

அப்போதுதான் சின்னவள் அண்ணியின் கையை உதறிவிட்டு, படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தாள். தகப்பன் தன்னை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிடுவான் என்று பயந்தாளோ என்னவோ.

“தாத்தா!” என்று கத்தினாள். “தாத்தா!”

“என்னா கண்ணு?” என்றார் அப்பா.

பிள்ளை நின்றுவிட்டாள். அண்ணனும் நின்றார். குழந்தை கூப்பிட்டது தன் தகப்பனை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். லயத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நாட்டாட்களே ஊர் கேட்கிற அளவுக்குச் சிங்களம் பேசுகிற எங்கள் அப்பாவுக்குத் தெரியாதா? அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கையை நீட்டினார். ஒருத்தரும் அவரைத் திருத்தவில்லை.

“வா, தாத்தாகிட்ட வா” என்றார். “ஒங்கப்பன் போயிட்டு வரட்டும்.”

அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிள்ளை தகப்பனைப் பார்த்தாள், கிழவரைப் பார்த்தாள், கடைசியில் நீட்டின கையில் ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். மேலே ரோட்டில் அண்ணியும் பையனும் இறங்குவதா வேண்டாமா என்று நின்றார்கள்.

“அவங்களையும் வரச் சொல்லுடி. ப்ளேனுக்கு நேரம் இருக்குல்ல?” என்று என்னை அதட்டினார் அப்பா.

நான் மேலே பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, தேத்தண்ணி வைக்க உள்ளே போனேன்.